பிளானில் இல்லாத வீடு

பிஜி நாட்டின் லௌடோகாவில் ஜான்கியிடம் போய், "ஒரு இடம் பார்த்திருக்கேன், வாங்கப் போறேன்" என்று சொன்னவர் யாரும் சந்தோஷமாக வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. முதல் கேள்வி, "டைட்டில் நம்பர் என்ன?" இரண்டாவது, "பிளானைப் பாத்தியா?" மூன்றாவது கேள்வி வருவதற்குள் வந்தவர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். வக்கீல் நரேந்திராவின் அலுவலகத்தில் அவள் குமாஸ்தாவாகச் சேர்ந்து இருபது வருடம். டைப் அடிப்பது, பத்திரம் பதிவது, வக்கீலுக்குக் கோபம் வந்தால் டீ போட்டுக் கொடுப்பது, எல்லாம் அவள்தான். "இவளுக்கு மனுஷங்க மேல நம்பிக்கையே கிடையாது, காகிதத்தைத்தான் நம்புவா" என்பார்கள் சொந்தக்காரர்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், பட்டவளுக்குத்தானே தெரியும்.

பட்டது எண்பத்தேழில். பிஜியில் முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. ஊரே அதைக் 'கூ' என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்தது. ஒரு வாத்தியார் ஆஸ்திரேலியாவுக்கு ஓடுகிற அவசரத்தில் தன் மனையை ஜான்கிக்கும் அவள் புருஷன் மகேந்திராவுக்கும் விற்றார். காட்டியது நல்ல சமதளம். பிளானில் இருந்ததோ அதற்குப் பின்னால் இருந்த பள்ளம். அந்தப் பத்திரத்தை டைப் அடித்தவளே ஜான்கிதான், கொடுமையைப் பாருங்கள்! 'லாட் ஏழு' என்று தன் விரலாலேயே அடித்தாள். அந்த ஏழு எங்கே கிடக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று, அதற்கப்புறம்தான் பிளான் பார்க்கக் கற்றுக்கொண்டாள். சர்வேயர்கள் அலுவலகத்துக்கு வந்தால் விடமாட்டாள். இந்தக் கோடு என்ன, இந்த எண் என்ன, வடக்கு எது என்று பிய்த்துப் பிடுங்கிவிடுவாள்.

பதின்மூன்று வருடம் போயிற்று. இரண்டாயிரமாவது வருடம், மே மாதம், மறுபடியும் ஒரு கூ. இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மந்திரிகளையும் பாராளுமன்றத்துக்குள் பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். நாட்டின் சட்டப் புத்தகமே இனி செல்லாது என்று ரேடியோவில் சொன்னார்கள். பாஸ்போர்ட் அலுவலக வாசலில் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. இந்த அமளியில்தான் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை ஜான்கியின் அண்ணன் பாலசுப்பிரமணி அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

பாலசுப்பிரமணிக்கு சபேட்டோவில் கரும்புத் தோட்டம். தோட்டம் என்றால் சொந்த நிலம் இல்லை, லீஸ். நிலம் பூர்வகுடிகளான பிஜியர் குலத்தாருடையது. முப்பது வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவர்கள் புதுப்பிக்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி பெருகிவிட்டது, கேட்டால் நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக் கூரை போட முடியுமா? ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். அவரும் மனைவி கோவிந்தம்மாவும் வீட்டை ஆணி ஆணியாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்படித்தான், மரமும் தகரமுமான வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"ஜான்கி, இடம் கெடச்சிடுச்சு!" பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். "சவேனியில. நம்ம தேவேந்திரா குடும்பத்தோட கனடா போறான். பதினொரு ஏக்கர். வீடு இருக்கு, கெணறு இருக்கு. லீஸ் கெடையாது, சொந்த நிலம். எவனும் எந்திரின்னு சொல்ல முடியாது. சனிக்கெழம அவனுக்கு பிளேன். வெள்ளிக்கெழம கையெழுத்து."

ஜான்கி உறையைப் பிரித்துப் பார்த்தாள். மேலே பண்ணை எண். கீழே கட்டம் கட்டமாகக் கரும்பு வயல்கள், ஒவ்வொன்றிலும் ஏக்கர் கணக்கு.

"அண்ணே, இது மில் மேப்பு."

"ஆமா. அதுக்கென்ன?"

"எந்த வயல்ல எவ்வளவு கரும்பு நட்டிருக்குன்னு மில்லுக்குத் தெரியணும்ல, அதுக்குப் போட்டது. நிலம் யாருதுன்னு இதுல இருக்காது."

பாலசுப்பிரமணிக்கு முகம் சிவந்தது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கரும்புக்காரனுக்கு மில் கொடுத்த பண்ணை எண்தான் எல்லாம். வெட்டு உத்தரவு அந்த எண்ணுக்கு வரும், உரம் அந்த எண்ணுக்கு வரும், கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த எண்ணைப் போட்டவர்கள் உண்டு. அப்பன் காலத்திலிருந்து அந்த மேப்பைத்தான் நிலம் என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். வேறு மேப்பு ஒன்று தலைநகர் சுவாவில் பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

"டைட்டில் எங்க?"

"பேங்குல இருக்காம். வெள்ளிக்கெழம கொண்டாருவான். நம்பர் குடுத்திருக்கான்."

"அப்போ நான் சுவா போய் பிளானை எடுத்துட்டு வர்ற வரைக்கும் கையெழுத்து கெடையாது."

"சுவாவுக்கா? பைத்தியமா உனக்கு? ரோடெல்லாம் மறிச்சு நிக்கிறாங்க! நாட்டுச் சட்டத்தையே கிழிச்சுப் போட்டுட்டாங்க, நீ ஒரு பிளானைத் தேடி அஞ்சு மணி நேரம் பஸ்ஸுல போறியா?" அந்தக் குடும்பத்தில் மற்ற நாளெல்லாம் இந்தி ஓடும், சண்டை என்றால் மட்டும் தமிழ்தான். "உனக்கு ஆபீசு இருக்கு, சம்பளம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? பிரிச்சுப் போட்ட வீடு இருக்கு! இந்த இடமும் போச்சுன்னா உன் வீட்டு வாசல்ல வந்து படுக்கட்டுமா?"

ஜான்கிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பேச்சை விட்டுக் கொடுக்கவில்லை. "படு. பாய் போடறேன். பிளானைப் பாக்காம கையெழுத்து மட்டும் போடாதே."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவர் உறையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். உள்ளே இருந்து வக்கீல் நரேந்திரா எட்டிப் பார்த்தார். அவரே நியூசிலாந்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மனிதர். "எதுக்கு இவ்வளவு ரகளை? டைட்டில் நம்பர் இருக்கு, டைப் அடிச்சுடேன்" என்றார். சுவாவில் இவர்களுக்காகப் பத்திரம் தேடிக் கொடுக்கிற ஏஜெண்டோ கடையைப் பூட்டிவிட்டு எப்போதோ சிட்னி போய்ச் சேர்ந்திருந்தான். ஆகவே, ஜான்கி இரண்டு நாள் லீவு எழுதி வைத்தாள். புதன்கிழமை விடியற்காலை பஸ் ஏறினாள். மகேந்திரா பஸ் நிலையம் வரை வந்து, "போகாதே" என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பத்திரம்" என்று மட்டும் சொன்னான்.

சுவா பதிவு அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. கவுண்டரில் இருந்த பிஜிய அம்மாள், "ஊரடங்கு இருக்கு, மத்தியானமே பூட்டிடுவோம், சீக்கிரம் பாரு" என்று இந்தியில் சொல்லிவிட்டுத் தடிப் புத்தகத்தைத் தூக்கி வைத்தாள். டைட்டில் தேவேந்திராவின் பெயரில்தான் இருந்தது. பேங்க் கடனைத் தவிர வில்லங்கம் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று ஜான்கிக்கு மூச்சு வந்தது. பிறகு பிளானை விரித்தாள், வந்த மூச்சு நின்றுவிட்டது.

நாலு ஏக்கர். பதினொன்று இல்லை, நாலு! ரோட்டை ஒட்டிய மேட்டு நிலம் மட்டும். கிழக்கே ஓடை, அதுதான் எல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் வெற்றிடம், அதில் மூன்றே மூன்று ஆங்கில எழுத்து. குலத்தாரின் நிலம் என்று அர்த்தம். தேவேந்திராவின் வீட்டு விருந்துக்கு ஜான்கி போயிருக்கிறாள். ரோட்டிலிருந்து இறங்கி, மரப்பாலத்தில் ஓடையைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வீடும் கிணறும் கறுப்பு மண்ணும் எல்லாமே ஓடைக்கு அந்தப் பக்கம். பிரதி எடுத்து ஃபைலில் வைத்தாள். பஸ் கிடைக்கவில்லை, அன்று தெரிந்தவர் வீட்டில் தங்கினாள். அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் போட்டாள், ஒரு தடவைகூட லைன் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ராணுவம் இல்லை, பத்துப் பன்னிரண்டு பிஜிய இளைஞர்கள், ரோட்டின் குறுக்கே ஒரு மரம். ஏறிவந்த ஒருவன் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தான். ஜான்கியின் மடியில் ஃபைல். வாங்கிப் பிரித்தான். நிலத்தின் வரைபடம்! அந்த மாதத்தில், அந்த ரோட்டில், ஒரு இந்தியப் பெண்ணின் கையில் நிலத்தின் வரைபடம். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரோட நிலம்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். என்ன பொய் சொல்வது என்றும் தெரியவில்லை. "என் அண்ணன் வாங்கப் போறார். எது யாரோடதுன்னு தெரிஞ்சுக்கத்தான் சுவா போனேன்."

அவன் பிளானின் மேல் குனிந்தான். விரலை ஓடைக்கு அந்தப் பக்கம் வைத்தான். "இது எங்க ஆளுங்களோடது."

"ஆமா. அதை அவர்கிட்ட சொல்லத்தான் ஓடிட்டிருக்கேன்."

அவன் காகிதத்தை மடித்தான், அதுவும் மடித்த தடத்திலேயே சரியாக மடித்தான். ஃபைலை அவள் மடியில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான். பஸ் கிளம்பிப் பத்து மைல் போன பிறகுதான் ஜான்கிக்கு அழுகை வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லோருக்கும் அதே நிலைமைதான்.

லௌடோகாவில் இறங்கினால் அடுத்த இடி. கோவிந்தம்மா வீட்டுக்கு போன் செய்திருந்தாளாம், மகேந்திரா சொன்னான். புதன்கிழமையே லாரி பேசி, பிரித்த வீட்டையெல்லாம் சவேனிக்குக் கொண்டுபோய் தேவேந்திரா வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம்!

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. வக்கீலின் அறையில் ஒரு பக்கம் பாலசுப்பிரமணியும் கோவிந்தம்மாவும், எதிர்ப்பக்கம் தேவேந்திராவும் அவன் மனைவி வந்தனாவும். நரேந்திரா பேனாவைத் திறந்துவிட்டார். பாலசுப்பிரமணி தங்கையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜான்கி பிளானை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் பேப்பர்வெயிட், ஸ்டேப்ளர், கண்ணாடிக்கூடு, டீ கப் என்று வைத்து அழுத்தினாள்.

"இது என்ன புதுசா?" என்றான் தேவேந்திரா. அவன் குரலே காட்டிக்கொடுத்தது.

"உங்க டைட்டிலோட பிளான். இது ரோடு, இது ஓடை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுச் சமையல்கட்டு எங்க இருக்கு? விரலை வைங்க."

"எனக்கு இந்த மேப்பெல்லாம் புரியாது, ஜான்கி."

"ஓடை புரியும்ல? தினமும் தாண்டறீங்க."

"ஜான்கி, போதும்!" என்று அதட்டினார் வக்கீல். பாலசுப்பிரமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வந்த லட்சுமிய வெளக்குமாத்தால அடிக்கிறியே! அவன் அப்பா காலத்துலேர்ந்து உழுத நிலம் அது. ஊருக்கே தெரியும். இதுல உனக்கு என்ன வந்துச்சு?"

தேவேந்திரா தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் வந்தனா கையை நீட்டினாள். இருபது வருடமாக அந்தச் சமையல்கட்டில் ரொட்டி சுட்ட கை. விரல் ரோட்டில் தொடங்கியது, மேட்டைக் கடந்தது, ஓடையைத் தாண்டியது, கோட்டுக்கு வெளியே வெறும் வெள்ளைக் காகிதத்தில் போய் நின்றது.

"இங்க" என்றாள்.

"வந்தனா!"

"என்னை அதட்டாதீங்க. நாளைக்கு நாம போற ஊர்ல நமக்கு எவனாவது இப்படி வித்தா?" "மாமா இருந்த வரைக்கும் வருஷா வருஷம் காணிக்கையா நங்கோனா வேர்க்கட்டை எடுத்துட்டு குலத்தாரோட கிராமத்துக்குப் போவாரு. அவங்க மொறைப்படி கையைத் தட்டி, மண்டி போட்டுக் கேப்பாரு. அவங்களும் சரி, நட்டுக்கோன்னு சொல்லுவாங்க. எழுத்து ஒண்ணும் கெடையாது. அவரு போன பெறகு இவரு ஒரு தடவையும் போகலை."

பாலசுப்பிரமணி மெதுவாக உட்கார்ந்தார். முதல் தடவையாக அந்தப் பிளானைக் குனிந்து பார்த்தார். "என் வீடு... நான் இறக்கி வச்ச சாமானெல்லாம்?"

"அதுவும் அந்தப் பக்கம்தான் அண்ணே."

கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவேந்திரா அழுதான், உண்மையாகவே அழுதான். டிக்கெட் எடுத்தாயிற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியாயிற்று, பயத்தில் செய்துவிட்டேன் அண்ணே என்றான். ஜான்கிக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பயம் யாருக்குத்தான் இல்லை அந்த வருடம்?

பாலசுப்பிரமணி கேட்டார். "இந்தக் கோட்டுக்குள்ள இருக்கறது என்ன?"

"கல்லு மேடு. முள்ளு. தண்ணி கெடையாது, நீ தோண்டணும். கரும்பு பாதி கூட வெளையாது." ஜான்கி ஒன்றையும் மறைக்கவில்லை. "ஆனா அது முழுசா இவரோடது. எழுதிக் குடுத்தா முழுசா உன்னோடது."

"வீடு?"

"வீடு கெடையாது."

"எனக்குத்தான் வீடு இருக்கே" என்றார் அவர். "பிரிச்சு வச்சிருக்கேன். எங்க நட்டாலும் நிக்கும். நாலு ஏக்கருக்கு என்ன வெலையோ அதைப் போட்டு எழுதச் சொல்லு."

நரேந்திரா பழைய பத்திரத்தைக் கிழித்தார். புதுப் பத்திரத்தை ஜான்கிதான் டைப் அடித்தாள். நாலு ஏக்கர், பிளான் எண், கிழக்கே ஓடை. கையெழுத்துப் போடும்போது பாலசுப்பிரமணி தங்கையிடம், "கோட்டைக் காட்டு" என்றார். அவள் காட்டினாள். விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவந்த பிறகுதான் பேனாவை எடுத்தார்.

மத்தியானம் எல்லோரும் சவேனியில் இருந்தார்கள். உத்திரம், சட்டம், தகரம் எல்லாவற்றையும் ஓடையின் இந்தப் பக்கம் சுமக்க வேண்டும். தேவேந்திராவும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு முனையைப் பிடித்தான். நாலைந்து நடை போயிருப்பார்கள், கரும்புக்குள்ளிருந்து இரண்டு பிஜியர் வந்தார்கள். கையில் வெட்டுக்கத்தி. எல்லோரும் தூக்கிய உத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள். கத்தி என்னவோ கரும்புக் காட்டில் எல்லார் கையிலும் இருப்பதுதான், ஆனால் அந்த ஜூன் மாதத்தில் அதற்கு வேறு அர்த்தம்.

பெரியவர் இந்தியில் கேட்டார், "எங்கே கொண்டு போறீங்க?"

ஜான்கிதான் முன்னால் போனாள். "அந்தப் பக்கம். கோட்டுக்குள்ளே."

அவர் தேவேந்திராவைப் பார்த்தார், இறக்கிவைத்த தகரத்தைப் பார்த்தார். "இங்கேயே கட்டப்போறாங்கன்னு கேள்விப்பட்டோம். சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம். ஆகஸ்ட்டுல இந்த இடத்தை என் மகன் எடுத்துக்கறான். கிராமத்துல முடிவாயிடுச்சு." பிறகு ஓடையைக் கைகாட்டினார். "லாரி வந்ததுலயே பாலம் ஆடிப்போச்சு, இனி இத்தனை பாரம் தாங்காது. மேல போனா முழங்கால் ஆழம்தான், அப்படி எடுத்துட்டுப் போங்க."

அவர்கள் போன பிறகும் பாலசுப்பிரமணி அசையவில்லை. ஆகஸ்ட்! இரண்டே மாதம். இங்கேயே கட்டியிருந்தால் நட்ட கம்பத்தை மறுபடி பிடுங்கியிருக்க வேண்டும். அவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த பரம்பரை இல்லை அது. "நீ அந்த முனையை விடு, உனக்கு இடுப்பு வலிக்கும்" என்றார்.

மேட்டில் சாமான் எல்லாம் சேர்ந்தது. வெயில் சாய்வதற்குள் முதல் கம்பத்தையாவது நட்டுவிட வேண்டும் என்று பாலசுப்பிரமணி கடப்பாரையை எடுத்தார். கோவிந்தம்மா திடீரென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. கேக்க வேணாமா?"

"யாரை?"

அவள் ஜான்கி பக்கம் திரும்பினாள். "சபேட்டோவுல கோழிக்கூண்டுக்குக் கம்பம் நட்டாலும் முன்னாடி நிலத்துக்காரங்ககிட்டப் போய்க் கேட்டுட்டுத்தான் நடுவோம். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். இங்க யார்கிட்டப் போய்க் கேக்கணும், ஜான்கி?"

"யார்கிட்டயும் கேக்க வேணாம் அண்ணி."

கோவிந்தம்மாவுக்கு அது புரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள், கல்லையும் முள்ளையும் ரோட்டையும். வரவேண்டிய யாரோ இன்னும் வராததுபோல் நின்றாள். அப்புறம் முகம் கோணிக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த முள்ளுக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அழாதடி" என்றார் பாலசுப்பிரமணி. "நீ சொல்லு. எங்க தோண்டட்டும்?"